அப்பாவுக்குக் கேட்ட சத்தம்

எண்பதுகளின் பிற்பகுதியில் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த அண்ணன் ஒரு கீபோர்டு கொண்டுவந்தான். காரைக்காலில் பல வீடுகளில் அப்படி ஏதாவது ஒன்று வந்து இறங்கும். பக்கத்து வீட்டுக்கு வந்த காபி மெஷின் அலமாரியை விட்டு வெளியே வரவே இல்லை. எங்கள் கீபோர்டுக்கு அந்தக் கதி வராமல் காப்பாற்றியது நான்தான். மாதா கோயில் பாட்டுக்குழுவில் ஆர்மோனியம் வாசித்தவள், சும்மா விடுவேனா?

நாமே ஒரு சத்தத்தை உண்டாக்கி, அதற்கென்று இருந்த நான்கு பட்டன்களில் ஒன்றில் போட்டு வைக்கலாம் என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. எவ்வளவு கரகரப்பு, எவ்வளவு கனம், எப்போது அடங்கவேண்டும் என்று கூட்டிக் குறைத்துக்கொண்டே போகவேண்டும். சமையல் மாதிரிதான், அளவு கேட்டால் சொல்லத் தெரியாது.

அப்பா கோட்டுச்சேரி ரைஸ் மில்லில் இன்ஜின் ஓட்டியவர். அந்த இரைச்சல் அவர் காதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிட்டது. சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் மாதா பாட்டை எடுத்துக் கொடுத்தவர், காது போன பிறகு வாயை மட்டும் அசைத்தார். நாங்கள் பாடி முடித்த பிறகும் அவர் உதடு அசையும். யார்மேல் என்று தெரியாமல் எனக்கு ஆத்திரமாக வரும்.

ஒருநாள் அடித்தொண்டையில் கரகரக்கிற மாதிரி ஒரு சத்தம் அமைந்தது. அழகான சத்தம் என்று சொல்லமாட்டேன். அதில் மாதா பாட்டை வாசித்தேன். எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த அப்பா, இரண்டாம் அடியில் சேர்ந்துகொண்டு தாளம் தவறாமல் பாடினார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சத்தத்தை முதல் பட்டனில் போட்டு வைத்தேன். அதன்பிறகு தினமும் அப்பா எங்களோடு பாடினார்.

அடுத்த விடுமுறைக்கு அண்ணன் வந்தபோது, பார்க்க வந்த சொந்தக்காரர்கள் நடுவில் உட்கார்ந்து பட்டன்களைத் தட்டினான்.

"என்ன பாப்பா இது, லாரி ஹாரன் மாதிரி இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் குருவி கத்துகிற மாதிரி ஒன்றைச் செய்து, அதே பட்டனில் போட்டுவிட்டான். ஒன்றின்மேல் இன்னொன்றைப் போட்டால் பழையது அழிந்துவிடும். ஒரு வார்த்தை கேட்காது அந்த மெஷின்.

விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் செத்துப்போயிற்று. இரண்டு பேரும் உட்கார்ந்து மாற்றி மாற்றிப் பார்த்தோம். லீவு முடிந்து அவன் கிளம்பும்வரை அது வரவில்லை.

நான் விடவில்லை. தினமும் புதிதாக ஒன்று செய்து அப்பாவிடம் சைகையில் கேட்பேன். "கேக்குதும்மா, நல்லா கேக்குது" என்பார். ஆனால் இப்போதெல்லாம் என்னைப் பார்த்தபடி உட்கார்ந்து, என் விரல்களைக் கவனித்துக்கொண்டுதான் பாடுவார். பாட்டில் நாங்கள் ஓரிடத்தில் இருந்தால் அவர் இன்னோரிடத்தில் இருப்பார்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒரு சாயங்காலம், கீபோர்டின் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு வாசித்தேன். கட்டைகள் தட்டுப்படும் ஓசை தவிர வேறெதுவும் இல்லை. அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதாம்மா அது. கெடச்சிடுச்சு. இனிமே ஒண்ணும் மாத்தாத, போதும்."

என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். அவர் கண்ணெதிரே அதை முதல் பட்டனில் போட்டு வைத்தேன்.