பத்தாவது ஆள்

அடுத்தவன் வியர்வையில் ஊறி, இளஞ்சூடாக, உப்பு நாற்றம் வீசும் கையுறைக்குள் விரலை நுழைப்பது எப்படி இருக்கும் என்று தருவைகுளத்தில் என் வயதுக்காரர்கள் யாரைக் கேட்டாலும் முகத்தைச் சுளித்துக்கொண்டே சிரிப்பார்கள். எங்கள் கராத்தே வகுப்பில் இருந்தது இரண்டே ஜோடி "கிளவுஸ்". ஒருவர் கழற்றிப் போட, அடுத்தவர் அந்த ஈரத்தோடேயே மாட்டிக்கொள்ள வேண்டும். வாரத்தில் இரண்டு மாலை தூத்துக்குடியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் மாஸ்டர், வலை காயப்போடும் வெளியில் எங்களை எதிரெதிரே நிறுத்தி, "குமிதே" என்று ஜப்பான் பெயர் சொல்லிச் சண்டை பழக்குவார்.

அந்தச் சண்டைக்குக் கறாரான வழக்கங்கள் உண்டு. தொடங்கும்போது இருவரும் குனிந்து வணங்க வேண்டும். முடிந்ததும் வணங்க வேண்டும். அந்தக் கடைசி வணக்கம் வரும்வரை சண்டை முடிந்ததாக அர்த்தமில்லை, அடிபட்ட கோபத்தை அதற்கப்பால் கொண்டுபோகவும் கூடாது. பிரவுன் பெல்ட் வேண்டுமென்றால் பத்துப் பேரோடு அடுத்தடுத்து மோத வேண்டும். எதிராளி அடிக்காமல் சும்மா நின்றால் அந்தச் சுற்று செல்லாது.

ஒன்பதாம் வகுப்புப் படித்த நான் ஒருத்திதான் அங்கே பெண். "இந்தத் தடவ பெல்ட் வாங்கலன்னா பேசாம வீட்டுல இருந்துக்கோ, ஊரு ஒரு மாதிரியாப் பேசுது" என்று அம்மா தீர்த்துச் சொல்லியிருந்தாள். வாங்கியே தீருவது என்று நானும் இருந்தேன்.

பெல்ட் தேர்வன்று ஒன்பது பேரை முடித்தேன். மூச்சு இரைத்தது, கால் மணலில் புதைந்தது, ஆனாலும் நின்றேன். பத்தாவதாக வந்தவன் ரூபன், என் தாய்மாமன் மகன்; எங்கள் கல்யாணத்தைப் பெரியவர்கள் தொட்டில் காலத்திலேயே வாயால் முடித்துவைத்திருந்தார்கள். அவன் கையைத் தொங்கவிட்டு நின்றான். இரண்டு குத்து விட்டேன், வாங்கிக்கொண்டான். படகோரம் உட்கார்ந்திருந்த பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"ஏலே, கட்டிக்கப்போறவள எப்பிடிலே அடிப்பான்?"

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஒன்பது பேரிடம் வாங்கிய அடியெல்லாம் இவனுடைய பாசத்தில் வீணாகப் போகப்போகிறது. நெருங்கிப் போய், அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன்: "மச்சான், நீ அடிக்கலன்னா நாளைலேருந்து நான் வீட்டுலதான். அடி."

அடித்தான். நானும் முன்னால் பாய்ந்திருந்ததால் குத்து உதட்டில் இறங்கி வாயெல்லாம் ரத்தமானது. விழவில்லை, திருப்பி அவன் விலாவில் ஓர் உதை கொடுத்தேன். நேரம் முடிந்ததென்று மாஸ்டர் கைதட்டினார். ஆனால் என் வாயைப் பார்த்து அரண்டுபோன ரூபன், கையுறைகளைக் கழற்றி மணலில் போட்டுவிட்டுக் கடலைப் பார்த்து நடந்துவிட்டான். வணங்கவில்லை.

"மொதல்ல வாயக் கழுவு" என்றார் மாஸ்டர்.

"இன்னும் முடியல மாஸ்டர்" என்று நின்ற இடத்திலேயே நின்றேன். வெள்ளை உடுப்பில் சொட்டுச் சொட்டாக ரத்தம் விழுந்தது; சிரித்தவர்கள் அடங்கிவிட்டார்கள். கோவிலில் மாலைச் செபத்துக்கு மணி அடித்து ஓய்ந்தது. அதன்பிறகுதான் அவன் அழுத முகத்தோடு திரும்பி வந்து, கால்களைச் சேர்த்துக் குனிந்தான். நானும் குனிந்தேன். மாஸ்டர் பெல்ட்டை என் கையில் கொடுத்தார்.

வீட்டில் அம்மா உப்புத் தண்ணீர் கொடுத்து வாய் கொப்பளிக்கச் சொன்னாள். "யாருளா அடிச்சா?" என்றாள். சொன்னேன். "அவனா?" என்று என்னைப் பார்த்தவள், என் கையிலிருந்த பெல்ட்டையும் பார்த்துவிட்டு, "சரி, சட்டையக் கழத்து, கறை பிடிச்சிரும்" என்றாள். வகுப்பை நிறுத்தும் பேச்சு அதோடு போயிற்று. கல்யாணப் பேச்சும்தான், உதட்டைக் கிழித்தவனும் கிழிபட்டவளும் எப்படிக் குடும்பம் நடத்துவார்கள் என்று மாமி கேட்டாளாம். எனக்கு இரண்டுமே நிம்மதி.

இன்று அந்த வெளியில் மீன் ஏலக் கொட்டகை நிற்கிறது. வகுப்பு ஒரு மண்டபத்துக்குள் நடக்கிறது. பிள்ளைகள் ஆளுக்கொரு ஜோடி கையுறை, தலைக்கவசம், பல்லுக்கு உறை என்று பையில் கொண்டுவருகிறார்கள், பெண்கள் எடை பார்த்துப் பெண்களோடு மோதுகிறார்கள். நல்லதுதான், அந்த நாற்றத்துக்காக நான் ஏங்கவில்லை.

ரூபன் துபாயில் இருக்கிறான். விடுமுறையில் மனைவி பிள்ளைகளோடு என் வீட்டுக்கு வரும்போதெல்லாம், என் உதட்டிலுள்ள வெள்ளைத் தழும்பைப் பார்த்ததும் வாசலிலேயே பேச்சை நிறுத்தி, கால்களைச் சேர்த்துக் குனிகிறான். விளையாட்டு என்று அவன் மனைவி சிரிக்கிறாள். நான் சிரிப்பதில்லை. நானும் கால்களைச் சேர்த்து, முழுக்கக் குனிந்து நிமிர்ந்த பிறகுதான், "உள்ள வா மச்சான்" என்கிறேன்.