மெரின் விட்டுக்கொடுக்காத ஷரத்து

அடிலெய்டில் இருந்த அந்தப் பல்கலைக்கழகத்தில் மெரின் ட்ரெலோரைப் பிடித்தவர்கள் என்று யாரும் இல்லை. ஆராய்ச்சிக்கூடத்தில் யாராவது புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் அதற்குக் காப்புரிமை வாங்குவதும், அதைத் தயாரித்து விற்க ஒரு கம்பெனியைப் பிடிப்பதும், கம்பெனிக்குக் கொடுக்கும் உரிமத்தை எழுதுவதும் அவள் வேலை. பெற்ற பிள்ளையைப் பிடுங்கி விற்கிறாள் என்று விஞ்ஞானிகள் திட்டினார்கள். பிடிவாதக்காரி என்று கம்பெனிக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அவளுடைய இயக்குநர் டோரியன் பெல்ச்சர், அவள் காதில் விழும்படியே அவளை "எங்க ஆபீஸ் ஹேண்ட்பிரேக்" என்பார். மெரினும் யாருடைய பிரியத்தையும் தேடிப் போனதில்லை. மதியச் சாப்பாட்டைத் தன் மேஜையிலேயே முடித்துக்கொள்வாள்.

ஹேமிஷ் லைலோடு அவளுக்கு மூண்ட பகைதான் எல்லாவற்றிலும் பெரியது. ஹேமிஷ் கடல் உயிரியல்காரர். சிவந்த தாடி, பெரிய குரல். மாகாணத்தின் மேற்குக் கரையிலிருக்கும் ஸ்மோக்கி பே கடலில் சிப்பி வளர்ப்பவர்களுக்குப் பெரிய தொல்லை கூடைகளில் அப்பிக்கொள்ளும் கொட்டலசு என்கிற சின்ன ஓட்டுயிரியும் பாசியும்தான். கூடையை அடிக்கடி தூக்கி, காயவைத்து, சுரண்டி, மறுபடி இறக்க வேண்டும். முதுகு ஒடியும். ஹேமிஷ் ஒரு பூச்சு கண்டுபிடித்தார். அதில் விஷம் கிடையாது. ஆனால் எதுவும் ஒட்டாது. பல வருஷம் அந்த ஊர்க்காரர்கள் தங்கள் கூடைகளையும் படகுகளையும் கொடுத்து, கூடவே நின்று சோதித்துப் பார்த்த பூச்சு அது.

சோதனை முடிவை அவர் அந்த ஊர்க் கூட்டத்தில் சொல்லப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் மெரின் நேராக அவர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனாள்.

"ஹேமிஷ், பூச்சு வேலை செய்யுதுன்னு மட்டும் சொல்லுங்க. எதால செஞ்சதுன்னு வாயைத் தொறக்காதீங்க."

"என் வாய்க்கும் சேத்துக் காப்புரிமை வாங்கிட்டீங்களா?"

"இன்னும் மனு போடல. அதுக்கு முன்னாடி நாலு பேர் காதுல விழுந்தா ஐரோப்பாவுல காப்புரிமை கெடைக்காது, கதை முடிஞ்சுது."

"ஐரோப்பாவா எனக்குக் கூடை கொடுத்துச்சு? அந்த ஜனங்க கொடுத்தாங்க. அவங்க மூஞ்சியைப் பாத்து நான் எப்படி மறைக்கிறது?"

"மறைக்கச் சொல்லல. கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்றேன்."

"உங்க ஆபீஸ்ல கொஞ்ச நாள்னா எவ்வளவுன்னு இந்தக் கட்டடத்துல எல்லாருக்கும் தெரியும்."

ஹேமிஷ் அவள் சொன்னபடிதான் செய்தார். ஆனால் மேடையில் ஏறி, "பூச்சு எதால ஆனதுன்னு சொல்ல எனக்கு அனுமதி இல்ல. தடுத்தவங்க பேரு மெரின் ட்ரெலோர். திட்டணும்னா அவங்களைத் திட்டுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார். அன்று முதல், ஒரு தடவைகூடப் பார்த்திராத ஊரில் மெரினுக்குக் கெட்ட பெயர்.

மனு போட்டாள், காப்புரிமையும் கிடைத்தது. மெல்பர்னிலிருந்து ஒரு பெயிண்ட் கம்பெனி வந்தது. கப்பலின் அடிப்பாகத்துக்குப் பூசுகிற விஷப் பெயிண்ட்தான் அவர்கள் பிழைப்பு. பூச்சின் முழு உரிமையும் தங்களுக்கு மட்டுமே வேண்டும், வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்றார்கள். டோரியனுக்கு வாயெல்லாம் பல். மெரின் ஒரே ஒரு ஷரத்தைச் சேர்த்தாள்: குறித்த காலத்துக்குள் பூச்சைத் தயாரித்துக் கடைக்குக் கொண்டுவரவில்லை என்றால் உரிமை பல்கலைக்கழகத்துக்கே திரும்பிவிடும்.

கம்பெனியின் வக்கீல் சிரித்த முகத்தோடு அதை அடித்தார். அவள் திரும்ப எழுதினாள். மறுபடியும் அடித்தார். மாதங்கள் ஓடின.

"எதுக்கு இந்தப் பிடிவாதம்?" என்றார் டோரியன். "அவ்வளவு பெரிய கம்பெனி, வாங்கிட்டு சும்மாவா வச்சிருக்கும்?"

"விஷப் பெயிண்ட் விக்கிறவன், விஷமில்லாத பூச்சை எதுக்கு வாங்குறான்? அதை முதல்ல யோசிங்க."

"நீ எதைப் பாத்தாலும் சந்தேகப்படுவ."

அவள் சந்தேகம் சும்மா வந்ததில்லை. இளவயதில் மெரினும் வேதியியல்காரிதான். ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கும்போது படுகிற வெட்டுக்காயத்தை மூட ஒரு பசை செய்திருந்தாள். அதே பல்கலைக்கழகம் அதை ஒரு வெளிநாட்டு மருந்துக் கம்பெனிக்குக் கொடுத்தது. கம்பெனி அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு, தன் பழைய களிம்பையே விற்றுக்கொண்டிருந்தது. காப்புரிமைக் காலம் முடிவதற்குள் அந்தப் பசை எல்லோருக்கும் மறந்துபோனது. ஏன் இப்படி ஆனது என்று கேட்கப் போன இடத்தில்தான் அவளுக்கு இந்த வேலை கிடைத்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பரிதாபப்படுவார்கள், அதைவிட அவர்கள் வெறுப்பே மேல் என்பது அவள் எண்ணம்.

ஹேமிஷுக்கோ பொறுமை தீர்ந்துபோயிற்று. ஒருநாள் அவள் அறைக் கதவைத் தட்டாமலே திறந்தார்.

"என் பூச்சு ஏன் இன்னும் இங்கியே கெடக்கு?"

"வக்கீல் ஒத்துக்கல."

"நீங்க ஒத்துக்கலன்னு அவங்க சொல்றாங்க. சொந்தமா ஒண்ணும் கண்டுபிடிக்கத் தெரியாதவங்களுக்கு, அடுத்தவன் கண்டுபிடிச்சதை உக்காந்து அடைகாக்கறதுல என்ன அப்படி ஒரு சுகம்?"

மெரினின் முகம் வெளுத்தது. "வெளிய போங்க, ஹேமிஷ்" என்று மட்டும் சொன்னாள்.

அவர் வெளியே போய், அப்படியே துணைவேந்தரின் அறைக்குப் போனார். அந்த வாரமே டோரியன் மெரினை அழைத்து, பூச்சு விவகாரத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஷரத்து இல்லாமல் கையெழுத்தானது. மேல்மாடியில் ஷாம்பெயின் திறந்தார்கள். கைதட்டல் அவள் அறைவரைக்கும் கேட்டது. அவளை யாரும் கூப்பிடவில்லை.

அதற்கப்புறம் ஒன்றுமே நடக்கவில்லை. 'சோதனை நடக்கிறது' என்றது கம்பெனி. அடுத்த வருஷமும் அதையேதான் சொன்னது. அதற்கடுத்த வருஷம் அதைக்கூடச் சொல்லவில்லை. ஹேமிஷ் மெல்பர்னுக்கே போய்க் கேட்டார். வரவேற்பறையில் வெகுநேரம் உட்காரவைத்துவிட்டு, ஒரு சின்னப் பையனை அனுப்பி, "சந்தை இன்னும் தயாராகல" என்று சொல்லவைத்தார்கள்.

திரும்பி வந்தவர் மறுபடியும் மெரினின் அறைக்குள் தட்டாமலே நுழைந்தார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று ஒரு கணம் அவள் ஏமாந்தாள்.

"இப்படித்தான் ஆகும்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் ஏன் கத்தல?"

"கத்தினேன். நீங்க துணைவேந்தர் ரூம்ல என்னைப் பத்தி அதைவிடச் சத்தமாக் கத்திட்டிருந்தீங்க."

"எனக்கு விளக்கிச் சொல்லியிருக்கணும்."

"அடைகாக்குறவ சொல்லி நீங்க கேட்டிருப்பீங்களா?"

ஹேமிஷ் நாற்காலியை எட்டி உதைத்தார். அவருக்குத்தான் கால் வலித்திருக்கும். நொண்டியபடியே போனார்.

மெரின் டோரியனிடம் போனாள். கம்பெனியைக் கூப்பிட்டுக் கேளுங்கள், இல்லையென்றால் உரிமத்தைத் திருத்தச் சொல்லுங்கள் என்றாள். டோரியன் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "புது ஆராய்ச்சிக் கட்டடத்துக்கு அவங்க பேரைத்தான் வைக்கப்போறோம். இந்த நேரத்துல போய் அவங்க கழுத்தைப் பிடிக்கச் சொல்றியா?" என்றார்.

"அப்ப சிப்பிக்காரங்க?"

"சிப்பிக்காரங்க நம்ம கூட்டாளி இல்ல."

அன்று சாயங்காலமே அவள் வேலையை விட்டாள். பிரிவு விழா எதுவும் இல்லை. பல வருஷம் வேலை பார்த்த இடத்தில், தன் பூந்தொட்டியைத் தானே தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தாள்.

சில வாரம் கழித்து ஸ்மோக்கி பே மண்டபத்தில் சிப்பி வளர்ப்பவர்களின் கூட்டுறவுச் சங்கம் கூடியது. தலைவி இரினி ஹல்கியாஸ், கிரேக்கக் குடும்பத்துப் பெண். கூடை தூக்கித் தூக்கியே தோள்பட்டையில் அறுவைசிகிச்சை செய்துகொண்டவள். அந்தக் கையை இன்னும் தலைக்குமேல் தூக்க முடியாது. வாசலில் வந்து நின்ற மெரின் யாரென்று கேட்டுத் தெரிந்துகொண்டதும் இரினி எழுந்தாள்.

"ஓ, அந்தப் புண்ணியவதி நீதானா! ஏம்மா, எங்க வாயில மண்ணைப் போட்டது பத்தாதுன்னு பாக்கவும் வந்துட்டியா?"

பின்வரிசையில் ஒருவர், "கடல் பக்கம்தான். தூக்கிப் போட்டா நீந்துவாளான்னு பாக்கலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"போடறதுன்னா போடுங்க. அதுக்கு முன்னாடி நான் சொல்றதைக் கேளுங்க" என்றாள் மெரின். "பல்கலைக்கழகத்து ரகசியம் எதையும் நான் சொல்ல வரல. சட்டத்துல எல்லாருக்கும் தெரிய எழுதியிருக்கறதைத்தான் சொல்றேன். ஒரு காப்புரிமையை வாங்கி வருஷக்கணக்கா முடக்கி வச்சா, அந்தப் பொருள் தேவைப்படுறவங்க கோர்ட்டுக்குப் போய், 'எங்களையாவது செய்ய விடுங்க'ன்னு கேக்கலாம். ஆனா முதல்ல நீங்க முறையா அனுமதி கேட்டிருக்கணும். அவங்க நியாயமான காரணம் இல்லாம மறுத்திருக்கணும்."

"யார் மேல கேஸ்?"

"காப்புரிமை வச்சிருக்கறது பல்கலைக்கழகம். அதனால முதல்ல அவங்க மேல."

இரினி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இத்தனை வருஷம் சோறு போட்ட இடத்து மேலயே கேஸ் போடச் சொல்றே. நாளைக்கு எங்க மேல யாரைக் கூட்டிட்டு வருவே?"

"நீங்களும் பூட்டி வச்சா, நிச்சயமாக் கூட்டிட்டு வருவேன்."

இரினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, "உக்காரு" என்றாள். அந்த ஊரில் மெரினுக்குக் கிடைத்த முதல் மரியாதை அதுதான்.

அவர்கள் பல்கலைக்கழகத்திடம் அனுமதி கேட்டார்கள்; அது கம்பெனியைக் கைகாட்டியது. கம்பெனி மறுத்தது, காரணம் எதுவும் சொல்லவில்லை. சங்கம் கோர்ட்டுக்குப் போனது. டோரியன் மெரினுக்கு ஃபோன் போட்டு, "உன்னை இந்த மாகாணத்துல யாரும் வேலைக்கு எடுக்காத மாதிரி பண்ணிடுவேன்" என்றார். "ஸ்மோக்கி பேயும் இதே மாகாணந்தான், டோரியன். எனக்கு நேத்தே வேலை கொடுத்துட்டாங்க" என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள் மெரின். பூச்சு உண்மையிலேயே தயாராக இருந்தது என்று சாட்சி சொல்ல ஹேமிஷ் தேவைப்பட்டார். இரினிதான் போய்க் கேட்டாள். "அந்தப் பொம்பளைக்காக வரமாட்டேன். உங்களுக்காக வர்றேன்" என்றார் ஹேமிஷ். அதை இரினி ஒரு எழுத்து மாற்றாமல் மெரினிடம் ஒப்பித்தாள்.

வழக்கு விசாரணைக்கே வரவில்லை. தன் சொந்த விஞ்ஞானியே எதிர்த்தரப்பில் நிற்கிறார் என்று பத்திரிகையில் வந்தால் புதுக் கட்டடத் திறப்புவிழா என்னாகும் என்று பல்கலைக்கழகம் பயந்தது. தன் பெயர் தாங்கப்போகிற கட்டடமாயிற்றே என்று கம்பெனியும் பயந்தது. பேச்சுவார்த்தைக்கு ஆள் அனுப்பினார்கள். மேஜைக்கு அந்தப்பக்கம் அதே சிரித்த முகத்து வக்கீல், பக்கத்தில் டோரியன். இந்தப்பக்கம் மெரின். மேற்குக் கரைச் சிப்பி வளர்ப்பவர்கள் பூச்சைத் தாங்களே செய்து தங்கள் கூடைகளுக்குப் பூசிக்கொள்ளலாம், மற்ற எதுவும் கம்பெனிக்கே என்று முடிவானது. டாஸ்மேனியா வளர்ப்பவர்களுக்கும் சேர்த்துக் கேட்டாள் மெரின். இரண்டு நாள் வாதாடியும் வாங்க முடியவில்லை. இரினி அவள் முழங்கையைக் கிள்ளி, "கெடைச்சதை வாங்கு. என் தோள் டாஸ்மேனியாவுக்காகக் காத்துக்கிட்டிருக்காது" என்று கிசுகிசுத்தாள். மெரின் அவளைக் கையெழுத்துப் போட விட்டாள். அதில் அவளுக்கு இன்றுவரை மனம் ஆறவில்லை.

இப்போது ஊருக்கு வெளியே ஒரு தகரக் கொட்டகையில் பூச்சு தயாராகிறது. கூடைகள் சுத்தமாக மேலே வருகின்றன. முதல் தொகுதி பூசப்பட்ட அன்று கொட்டகை வாசலில் விருந்து வைத்தார்கள். சிப்பியும் எலுமிச்சையும் பீருமாக ஊரே கூடியது. ஹேமிஷ் பேச எழுந்தார். கூடை கொடுத்தவர்கள், படகு ஓட்டியவர்கள், கொட்டகைக்குக் கூரை போட்டவர்கள் என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி நன்றி சொன்னார். மெரினின் பெயரைச் சொல்லவில்லை. சில பேர் திரும்பி அவளைப் பார்த்தார்கள். அவள் சிப்பி உடைத்துக்கொண்டிருந்தாள்.

பேச்சு முடிந்ததும் அவளே எழுந்து, ஒரு காகிதத்தோடு அவர் பக்கத்தில் போய் நின்றாள். "காப்புரிமையில எழுதாத செய்முறை நுணுக்கத்தை வெளிய யாருக்கும் சொல்ல மாட்டோம்னு எல்லாரும் கையெழுத்துப் போடணும். சொன்னா அனுமதி ரத்தாயிடும். அடுத்த பீர் அதுக்கப்புறந்தான்" என்றாள்.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. யாரோ காலி டப்பாவை நசுக்கி எறிந்தார்கள்.

"விருந்துலயும் பூட்டு போட ஆரம்பிச்சுட்டா!" என்றார் ஹேமிஷ், எல்லோருக்கும் கேட்கும்படி.

"முதல் கையெழுத்து உங்களது, ஹேமிஷ்" என்று மெரின் பேனாவை நீட்டினாள்.

அவர் பேனாவை வாங்கி, காகிதம் கிழிகிற மாதிரி அழுத்திக் கையெழுத்துப் போட்டார்.