தும்மலுக்கு வந்த சிரிப்பு

ஆகஸ்டில் புது டீச்சர் வந்து இறங்கினால், எங்கள் நவஹோ பழங்குடி ஊர் மிஷன் பள்ளிப் பிள்ளைகள் பெயரைக் கேட்பதற்கு முன்பே இன்னொன்றைக் கேட்டுவிடுவார்கள்: "நீங்க எப்போ போவீங்க மிஸ்?" அதில் கேலி ஒன்றும் கிடையாது. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரிதான். வருகிறவர்கள் ஒரு வருடத் தொண்டு என்று எங்கிருந்தோ வருவார்கள், மே மாதம் போய்விடுவார்கள். கார் செம்மண் பாதையில் திரும்பி மறையும்வரை பிள்ளைகள் கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள்.

வெர்னா எட்சிட்டியிடம் யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அவளுக்காக வேலியைப் பிடித்து அழுததும் இல்லை. எங்கேயும் போகாதவளுக்காக யார் அழுவார்கள்?

அவளுக்கு நாற்பத்தொரு வயது. இதே பள்ளியில் படித்தாள். இதே பள்ளிச் சமையலறையில் தட்டுக் கழுவினாள். ஆறு கோடை விடுமுறை கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கி, பன்னிரண்டு வருடமாக இரண்டாம் வகுப்பு டீச்சர். திங்கட்கிழமை எந்தப் பிள்ளை பசியோடு வரும், எந்த வீட்டில் பீப்பாய்த் தண்ணீர் தீர்ந்திருக்கும், மழை பெய்தால் எந்தப் பாதையில் பஸ் புதையும் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பக்கத்து அறையான மூன்றாம் வகுப்புக்கு அவள் கண்ணெதிரே பதினோரு பேர் வந்து போய்விட்டார்கள்.

பன்னிரண்டாவதாக வந்தவள் அன்னிகா. அயோவாக்காரி, இருபத்து மூன்று வயது, நெடுநெடுவென்ற உயரம். எங்கள் ஊர் ஜூனிப்பர் மரத்து மகரந்தம் அவளுக்கு ஆகவில்லை. பிப்ரவரியில் தும்ம ஆரம்பித்தவள் மார்ச் வந்தும் நிறுத்தவில்லை. மூக்கு எப்போதும் மிளகாய்ப்பழம் போல இருக்கும். அந்த மூக்கையும் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனதுதான் வெர்னாவால் தாங்க முடியாதது. "எனக்குப் பிடித்தவர்" என்று தன் வகுப்பில் படம் வரையச் சொன்னாள். ஏழு பேர் மஞ்சள் முடியும் சிவப்பு மூக்குமாக ஓர் ஒட்டகச்சிவிங்கியை வரைந்திருந்தார்கள். ஒரே ஒரு தாளில் வெர்னா இருந்தாள், கதவருகே, கையில் சாவிக்கொத்தோடு. எல்லாப் படங்களையும் சுவரில் ஒட்டினாள். தன் படத்தை மட்டும் தன் கண்ணுக்கு நேராக ஒட்டிக்கொண்டாள்.

போகட்டும், வகுப்புப் பிள்ளைகள் வருடா வருடம் மாறுகிறவர்கள். மாறாதவன் ஒருவன் இருந்தான், ஜேரன். அவளுடைய கடைசித் தங்கை லாரிசாவின் மகன். லாரிசா பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்தாள், மூன்று மாதப் பிள்ளையை, முதுகில் மாட்டிக்கொள்ளும் தொட்டில் பலகையில் வாரால் கட்டித் தினமும் கூடவே கொண்டுவருவாள். வெர்னாவுக்குப் பிள்ளை இல்லை. பெரியம்மா என்று அவளைக் கூப்பிடப் போகிறவன் அவன் ஒருவன்தான்.

அவன் இன்னும் சிரிக்கவில்லை.

நவஹோ வீடுகளில் பிள்ளை முதன்முதலாக வாய்விட்டுச் சிரிக்கும்வரை அது முழுசாக நம்முடையது இல்லை. பாதி இன்னும் தெய்வங்களின் பக்கம்தான். சிரித்துவிட்டால், சரி, உங்களோடேயே இருக்கிறேன் என்று சம்மதம் சொன்ன மாதிரி. சிரிக்க வைத்தவர் நாலு நாளில் ஆடு அறுத்து விருந்து வைக்க வேண்டும், பிள்ளையின் கையைப் பிடித்து வந்தவர்களுக்கெல்லாம் கல்லுப்பு கொடுக்க வேண்டும். அவருடைய குணம்தான் பிள்ளைக்கு ஒட்டும் என்பார்கள்.

வெர்னா, லாரிசாவின் தாய்மாமன் ஆர்வில் இதற்குப் பயந்தே பிள்ளையைத் தூக்கமாட்டார். எதிரே வந்தால் முகத்தைக் கல் மாதிரி வைத்துக்கொண்டு, "என்னைப் பாத்துச் சிரிச்சுத் தொலைச்சிராதடா, மொத்தமே ஒன்பது ஆடுதான்" என்று தாண்டிப் போவார். வெர்னாவோ மூன்று வாரமாக அந்தச் சிரிப்புக்கு வலை விரித்துக்கொண்டிருந்தாள். முகத்தை மூடித் திறந்தாள். நாக்கைச் சொடுக்கினாள். கோழியானாள், ஆடானாள். ஜேரன் பள்ளி ஆய்வுக்கு வந்த அதிகாரி மாதிரி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இடைவேளையில் ஆசிரியர் அறையில் இருவர் மட்டும்தான், வெர்னாவும் பலகையில் சாய்ந்திருந்த ஜேரனும். லாரிசா போன் எடுக்க அலுவலகத்துக்குப் போயிருந்தாள். வெர்னா கோழியாக இருந்தபோது கதவு திறந்து காற்றும் புழுதியுமாக அன்னிகா உள்ளே வந்தாள். மூன்று முறை மூச்சை உள்ளே இழுத்தாள். அப்புறம் ஒரு தும்மல், குளிரில் நின்றுபோன பிக்கப் வண்டி கிளம்பப் பார்த்துக் கிளம்பாமல் போகுமே, அந்தச் சத்தத்தில்.

ஜேரன் சிரித்தான். தகரக் கூரையில் கூழாங்கல் உருள்வது போல, வயிற்றிலிருந்து உருண்டு வந்த சிரிப்பு. அவன் கண்கள் அன்னிகாவின் மேல் இருந்தன. அடுத்த தும்மலுக்குக் காத்திருந்தன.

"என் தும்மலாலயும் ஒருத்தனுக்குச் சந்தோஷம்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே சொல்லிவிட்டு, சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. வெர்னாவுக்குத் தெரியும்.

லாரிசா ஓடிவந்தாள். "என்னக்கா சத்தம்?"

"சிரிச்சான்."

"நிஜமாவா? உங்ககிட்டயா?"

வெர்னா குனிந்து பிள்ளையின் எச்சிலைத் துடைத்தாள். லாரிசா பின்னாலிருந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டாள். கட்டிக்கொண்டவளிடம் இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அந்த நேரம் கடந்துவிட்டது.

தனக்குத்தானே அவள் நியாயமும் சொல்லிக்கொண்டாள். மே மாதம் போகிறவளின் குணம் இவனுக்கு ஒட்டினால், இவனும் ஒரு மே மாதம் வேலியைத் தாண்டிப் போய்விடமாட்டானா? இருக்கிறவளின் குணமே ஒட்டட்டும்.

புதன்கிழமை சுவருக்கு அந்தப் பக்கம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரே கூச்சல். சனிக்கிழமை ஜேரன் வீட்டில் விருந்து, ஏன் எதற்கு என்று ஆளாளுக்கு அன்னிகாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்கள். வெர்னா மிஸ் சிரிக்க வைத்தது, ஆடு, உப்பு எல்லாம் மெல்லிய சுவர் வழியே தெளிவாக வந்தது. பிறகு அன்னிகாவின் குரல் மட்டும் வரவில்லை. வெர்னா சாக்பீஸை நீட்டியபடி நின்றாள். அவள் வகுப்பு அவளைப் பார்த்தது. வெகுநேரம் கழித்து அந்தப் பக்கக் கரும்பலகையில் சாக்பீஸ் கிறீச்சிட்டது.

அன்னிகாவுக்குத் தெரிந்துவிட்டது. வந்து கேட்பாள் என்று வெர்னா பதில்களைக் கூர்தீட்டி வைத்தாள். புதனும் வியாழனும் வெள்ளியும் போயின. அவள் வரவில்லை.

சனிக்கிழமை லாரிசா வீட்டு முற்றத்தில் நாற்பது பேர் கூடிவிட்டார்கள். வெர்னா தன் ஆடு இரண்டை அறுத்திருந்தாள். விடியலிலிருந்து நின்று மாவு பிசைந்து ரொட்டி பொரித்திருந்தாள். ஒரு பக்கம் ஆட்டுக்கறிக் குழம்பு கொதித்தது, இன்னொரு பக்கம் விலாக்கறி தணலில் வெந்தது. அவள் நாற்காலியில் உட்கார்ந்து ஜேரனை மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் கூடை நிறைய கல்லுப்பு. வரிசையில் வந்தவர்களின் உள்ளங்கையில் அவன் விரல்களைப் பிடித்து ஒவ்வொரு கல்லாகப் போட்டாள். வந்தவர்கள் நாக்கில் வைத்துக்கொண்டு, "உன்னை மாதிரியே தாராளமா இருப்பான் வெர்னா" என்று சொல்லிப் போனார்கள். ஒவ்வொரு வாழ்த்தும் அவள்மேல் சரியாக உட்காராத சட்டையாக இருந்தது.

அன்னிகா வந்து கையை நீட்டினாள். உப்பை வாங்கி, மற்றவர்கள் செய்தபடியே நாக்கில் வைத்தாள். பிறகு வெர்னாவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி குனிந்தாள்.

"உங்ககிட்ட சிரிச்சதா இருக்கட்டும். நீங்கதானே இங்க எப்பவும் இருக்கப் போறீங்க."

முகத்தில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் வெர்னா தாங்கியிருப்பாள். விடியலிலிருந்து வேகவைத்தவள் நான், கொடுத்துவிட்டுப் போகிறவள் இவளா? ஒன்றும் கொண்டுவராமல் வரிசையில் வந்து, ஒரு வாக்கியத்தில் இந்த முற்றத்திலேயே பெரிய கை இவளுடையது என்று ஆக்கிவிட்டாளே. படத்தை எடுத்துக்கொண்டாள், பிள்ளைகளை எடுத்துக்கொண்டாள், இப்போது தாராளத்தையும் எடுத்துக்கொண்டாள். இவள் பிச்சை போட்டு வருகிற சிரிப்பு எனக்கு வேண்டாம்.

"நில்லு" என்றாள் வெர்னா. குரல் வகுப்பறைக் குரலாக வந்துவிட்டது. முற்றமே நின்றது. "லாரிசா, இவ தும்மலுக்குத்தான் சிரிச்சான். எனக்கு இல்ல."

லாரிசா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"நாலு நாளா வாயைத் திறக்கலையே அக்கா" என்றாள் லாரிசா.

வெர்னா கூடையைப் பார்த்தாள்.

"அப்போ நாங்க தின்னது யாரோட ஆடு?" என்றார் ஆர்வில் மாமா, கையில் விலா எலும்போடு. ஒருவர் இருமுவது போல ஆரம்பித்துச் சிரிக்க, மற்றவர்களும் தொடர்ந்தார்கள். மாமா அன்னிகா பக்கம் திரும்பி, "ஏம்மா, தும்மினதுக்கு ஆடு தரணும். வச்சிருக்கியா?" என்றார்.

"எங்கப்பாகிட்ட பன்னிதான் இருக்கு, மாமா."

மாமா என்று அவள் கூப்பிட்டதற்கே பாதிப் பேர் குலுங்கிச் சிரித்தார்கள். "பன்னியா? யோசிப்போம்" என்றார் அவர்.

லாரிசா மட்டும் சிரிக்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்க்காமல் மடியிலிருந்த பிள்ளையை எடுத்தாள். அன்னிகாவை நாற்காலியில் உட்காரவைத்து அவள் மடியில் கிடத்தினாள். வரிசை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. வெர்னா கடைசியில் போய் நின்றுகொண்டாள். அவள் முறை வந்தபோது ஜேரன் அதே அதிகாரிப் பார்வை பார்த்தான். அவன் விரல்களிலிருந்து, அன்னிகாவின் நீண்ட விரல்களுக்குள்ளிருந்து, ஒரு கல் அவள் கையில் விழுந்தது. நாக்கில் வைத்தாள். உப்பு உப்பாகவே கரித்தது.

திங்கட்கிழமை லாரிசா தொட்டில் பலகையை நேரே அலுவலகத்துக்குள் கொண்டுபோய்விட்டாள். செவ்வாயும் புதனும் அப்படித்தான். வியாழக்கிழமை இடைவேளையில் இரண்டாம் வகுப்புக் கதவருகே வந்து, பலகையைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "போன் அடிக்குது" என்றாள். அடிக்கவில்லை. போய்விட்டாள்.

பிள்ளைகள் வெளியே ஓடியிருந்தார்கள். வெர்னா தரையில் உட்கார்ந்து கோழியானாள். ஜேரன் பார்த்தான். ஆடானாள். பார்த்தான். அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் மூன்று முறை மூச்சிழுப்பு, பிறகு அந்தப் பிக்கப் வண்டித் தும்மல். அவன் தலையைச் சுவர் பக்கம் திருப்பி விழுந்து விழுந்து சிரித்தான்.

வெர்னா பலகையில் அவனைக் கட்டியிருந்த வாரை இறுக்கிச் சரிசெய்தாள்.

"சிரிடா, சிரி" என்றாள். "மே மாசம் வரைக்கும்தான்."