சாப்பாட்டு ஹெலியும் என் கிற்றாரும்

காலையில் தேவாலயத்தில் கீதம், பகலில் கலியாண வீட்டில் பைலா, பின்னேரம் அம்மன் பாட்டு. சண்டைக் காலத்தில் மட்டக்களப்பு வாவியைச் சுற்றி எல்லாவற்றுக்கும் கிற்றார் வாசித்தவன் நான்தான். பெரிய திறமைசாலி என்று நினைத்துவிடாதீர்கள். நன்றாக வாசித்தவர்கள் எல்லாரும் வெளிநாடு போய்விட்டார்கள். மிஞ்சியது நான்.

ஒருநாள் குருக்கள்மடத்தில், ரேடியோ திருத்துகிற ஒரு அண்ணன் வீட்டில், அம்மன் பாட்டுக் கசெற் ஒலிப்பதிவு. கரண்ட் இல்லை, கார் பற்றறிதான். வெளிச்சத்தம் வராமல் யன்னலுக்கெல்லாம் மெத்தை. பாடகி, உடுக்கு, கீபோர்ட், நான், எல்லாரும் ஒரே மூச்சில் வாசிக்க வேண்டும். ஒருவர் பிழை விட்டால் எல்லாருக்கும் முதலிலிருந்து.

பிழை விட்டது நான். அதுவும் இரண்டு தரம். வானத்தில் ஆமி ஹெலிகொப்டர் இரைந்தால் போதும், கிற்றாரோடு கட்டிலுக்குக் கீழே புகுந்துவிடுவேன்.

"அது சாப்பாட்டு ஹெலிதானே," என்றார் பாட வந்த சங்கீத ரீச்சர், இருந்த இடத்தைவிட்டு அசையாமல். "காம்புக்கு அரிசி பருப்புக் கொண்டுபோறது. சத்தத்திலயே தெரியாதா?"

தெரியாது. எது சுடுகிற ஹெலி, எது சோறு கொண்டுபோகிற ஹெலி என்று ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். தந்தி நூலளவு சுருதி விலகினாலும் பிடித்துவிடுகிற என் காதுக்கு மட்டும் இரண்டும் எமன்தான்.

ரேடியோ அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார். "பற்றறி இன்னும் ஒரு தரத்துக்குத்தான் காணும். இந்த முறையும் பூந்தீங்களெண்டா, நாளைக்கு உங்கட பகுதியக் கீபோர்ட்டில வாசிச்சுப்போடுவம். மறுகா உங்களுக்கு இஞ்ச வேலையில்ல."

கீபோர்ட்காரன் ஒரு பொத்தானை அமுக்கினான். கிற்றார் சத்தம் வந்தது. "உங்கட போலயே இரிக்கு அண்ணன்," என்றான். "ஆனா இது கட்டிலுக்குக் கீழ போகாது."

இந்தப் பொத்தானின் கதை தேவாலயத்துக்கும் கலியாண வீடுகளுக்கும் எட்டினால் என் பிழைப்பு முடிந்தது. தோளில் கிடந்த துவாயால் என் காலை நான் இருந்த கதிரையின் காலோடு இறுக்கிக் கட்டினேன். எங்கே ஓடுவாய், ஓடு பார்ப்போம்!

மூன்றாம் சரணத்தில் ஹெலி அரிசியை இறக்கிவிட்டுத் திரும்பி வந்தது. நான் பாய்ந்தேன். கதிரையும் கூடவே பாய்ந்தது. விழுந்த வேகத்தில் இடது கை தந்தியில் மேலிருந்து கீழே வழுக்கி ஓட, ஆட்டுக்கடா அலறியதுபோல ஒரு நீண்ட இழுவை. ரீச்சர் கண் சிமிட்டவில்லை. அந்த இழுவை முடிந்த சுருதியைப் பிடித்தே அடுத்த வரியை எடுத்தார். உடுக்குக்காரருக்குச் சாமி வந்ததுபோல உரு வந்தது. அவர் அடித்த அடியில் ஹெலிச் சத்தமே அமுங்கிப்போனது. நான் மல்லாந்து கிடந்தபடி, கூரையைப் பார்த்துக்கொண்டே வாசித்து முடித்தேன்.

அண்ணன் கசெற்றைத் திருப்பிப் போட்டுக் கேட்டார். பிறகு அவர் தன் கையைக் காட்டினார். மயிரெல்லாம் குத்திட்டு நின்றது.

"அம்மாள் இறங்கினமாதிரிக் கிடக்கு! நாளைக்கும் வாங்க. மற்றப் பாட்டுக்கும் அந்த இழுவை வேணும்."

வேலை தப்பியது. ஆனால் அதை எப்படி வாசித்தேன் என்று யாருக்குத் தெரியும்? வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் காலைக் கதிரையில் கட்டிக்கொண்டு விழத் தொடங்கினேன். நாலாவது தரம் விழுந்தபோது மனைவி குசினியிலிருந்து ஓடிவந்தாள்.

"இஞ்சேருங்க, ஹெலி ஒண்டும் வரல்லயே!"

"தெரியும். சாதகம் பண்ணுறன்."

அவள் உள்ளே போய் ஒரு தலையணையைக் கொண்டுவந்து, நான் விழுகிற இடம் பார்த்துப் போட்டுவிட்டுப் போனாள்.