7.52க்குக் கத்திய பெட்டி

மீன் பிடித்த கதை என்றால் ஓர் அடி கூட்டித்தான் சொல்வேன். ஒப்புக்கொள்கிறேன். இதில் ஓர் அங்குலம்கூடக் கூட்டவில்லை.

1991. ஒஹாயோவில், கொலம்பஸ் நகரத்து மருத்துவமனை ஒன்று. ஆபரேஷன் தியேட்டரில், கதிர்வீச்சைக் கண்டால் கத்தும் ஒரு பெட்டியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஆபரேஷனுக்கு மூன்று வாரம் முன்பே நோயாளிக்கு ஓர் ஊசி போடுவோம். அந்த மருந்து புற்றுநோயைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். அதன் முதுகில் துளி கதிர்வீச்சை ஏற்றி அனுப்புவோம். வயிற்றைத் திறந்ததும் டாக்டர், பெட்டியில் செருகிய பேனா மாதிரி ஒரு குழாயை உள்ளே நகர்த்துவார். கண்ணுக்குத் தெரியாத கட்டியின் மேல் போனால், என் பெட்டி கத்தும். எந்த அளவைத் தாண்டினால் கத்த வேண்டும் என்பதற்கு ஒரு குமிழ் உண்டு. அதை ஏற்றிவிட்டால் பெட்டி செவிடு.

அப்படி ஊசி போட்டு வந்த நோயாளி ஆர்லீன் வோஸ்கூல், பள்ளிப் பேருந்து ஓட்டியவர். மயக்கம் கொடுக்கும் முன் என் கையைப் பிடித்தார்.

"தம்பி, எதையும் உள்ள விட்டுட மாட்டீங்களே?"

"விட்டா பெட்டி ஊரைக் கூட்டிடும்மா" என்றேன். சிரித்தார்.

பெட்டி ஊரைக் கூட்டத்தான் செய்தது. ஈரலுக்குப் பக்கத்தில். டாக்டர் ப்ரூயிட் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை என்றார். அவருக்கு அவர் விரல்தான் கடவுள். பெட்டி மறுபடி கத்தியது.

"டெல்பர்ட், அந்தச் சனியன் வாயை மூடு."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் நீளம், முதுகெலும்பு குட்டை. குமிழை ஏற்றினேன். தைத்து மூடினார்கள்.

எட்டு மாதம். அதே இடத்தில் வளர்ந்து, ஆர்லீன் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள், வியாழக்கிழமை. காலை 7.52. மேஜை காலி. அன்று யாருக்கும் ஊசி போட்டிருக்கவில்லை. குழாயைப் பெட்டியில் செருகித் துடைத்துக்கொண்டிருந்தேன்.

டக்.

டக்... டக்.

குழாயை மேஜை பக்கம் காட்டினேன். மௌனம். கதவு பக்கம் காட்டினேன். டக் டக் டக்... கதவு திறந்தது. ப்ரூயிட்.

பெட்டி அலறியது.

"என்னய்யா, உன் கோமாளிப் பெட்டிக்கு என்னைப் புடிச்சிருச்சா?" குழாயைப் பிடுங்கி, தமாஷாகத் தன் வயிற்றில் வைத்தார். வலது விலாவுக்குக் கீழே.

அப்படி ஓர் அலறலை நான் கேட்டதில்லை.

குமிழை ஏற்றினேன். அது தானாக இறங்கியது. மறுபடி ஏற்றினேன். என் விரல்கள் மேல் வேறு விரல்கள்... குளிர்ந்த, பலமான விரல்கள். ஸ்டியரிங் பிடித்துப் பழகியவை. என் கையோடு சேர்த்துக் குமிழைக் கீழே திருப்பின.

"நிறுத்துய்யா!"

"முடியல டாக்டர்" என்றேன்.

பொய். கடைசியில், நான் முயற்சி செய்யவே இல்லை.

அவர் குழாயை என் பக்கம் திருப்பினார்.

டக்.

ஒரே ஒரு தடவை.

7.56. எல்லாம் நின்றது.

அடுத்த ஏப்ரலில் ப்ரூயிட்டின் ஈரல் ஓரத்தில் கட்டி கண்டுபிடித்தார்கள். அறுக்க முடியாத அளவு. கோடை முடியும் முன் அவர் இல்லை. நான் இன்றுவரை வருஷத்துக்கு இரண்டு தடவை ஸ்கேன் எடுக்கிறேன். ஒன்றும் இல்லை என்கிறார்கள். நான் நம்புவதில்லை.

பெட்டி அலறிய அந்த வியாழக்கிழமை மாலையே, பழுது பார்ப்பவரிடம் குழாயைக் கொடுத்திருந்தேன். திருகித் திறந்து காட்டினார். கதிர்வீச்சை உணரும் படிகத்தை முந்தின நாளே கழற்றி, புதிதுக்கு எழுதிப் போட்டிருந்தாராம்.

குழாய்க்குள் ஒன்றுமே இல்லை.