அம்பலத்தில் மாட்டிக்கொண்ட நோட்டு

இல்லாத ஒரு நாட்டுக்குத் தினமும் தூசி தட்டுகிறேன் என்றால் ஊரில் சிரிப்பீர்கள். திருவனந்தபுரத்தில் நான் சமைக்கப் போகும் வீட்டில், சாரின் மேசைக்கு மேலே சுவர் நிறைய சோவியத் யூனியன் வரைபடம். அந்த நாடு உடைந்து வெகுகாலம் ஆயிற்றாம். வள்ளியூரில் எங்கள் வீட்டுச் சுவரில் சாமி படமும் காலண்டரும்தான்.

சார் வாலிபத்தில் மாஸ்கோ போய்ப் படித்தவர். திரும்பி வந்து அந்த நாட்டு அரசியலையே காலேஜில் முப்பது வருஷம் பாடம் நடத்தினார். நாடு உடைந்ததும், இனி எதை நடத்துவாய் என்று கூட இருந்தவர்கள் கேலி செய்தார்களாம். ஏன் உடைந்தது என்று நடத்துவேன் என்றவர், அதைப் புத்தகமாகவும் எழுதினார். சாமி கும்பிடாதவர். ஆனாலும் நான் விளக்கேற்றினால் எழுந்து போய் ஃபேனை நிறுத்துவார்.

போன நவராத்திரியில் பழைய மாணவர்கள் அவருக்குப் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். அதில் பேசுவதற்காகத் தன் படிப்பின் கதையை இரண்டு மாதம் உட்கார்ந்து ஒரு நோட்டு நிறைய எழுதினார். நல்லபடி நடக்க வேண்டுமே என்று எனக்கு. கூட்டத்துக்கு முந்தின நாள் அஷ்டமி. சாயங்காலம் தெருமுனை அம்பலத்தில், கோயிலை இங்கே அப்படித்தான் சொல்வார்கள், எல்லாரும் பூஜைக்குப் புத்தகம் கொடுப்பதைப் பார்த்து, அந்த நோட்டையும் பேப்பரில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எங்கள் ஊர்க் கோயிலில் அம்மன் காலடியில் வைத்து உடனே கையில் தந்துவிடுவார்கள். இங்கே உள்ளே அடுக்கிப் பூட்டிவிட்டார்கள். கூட்டத்துக்கு மறுநாள், விஜயதசமி காலையில்தான் எடுப்பார்களாம், அதுவரை தொடக்கூடாதாம்.

அழுதுகொண்டேதான் சாரிடம் சொன்னேன். அவர் வரைபடத்தைப் பார்த்தபடி, மலையாளம் கலந்த தன் தமிழில் சொன்னார்.

"மாஸ்கோவில படிப்புக்கு ஒரு பழைய ரெக்கார்ட் பார்க்க, பூட்டின ரூம் வாசல்ல மாசக்கணக்கா நின்னவனாணு ஞான். இது ரெண்டு நாளல்லே, செல்வி?"

"நாளைக்கு என்ன பேசுவீங்க சார்?"

"வாய் தேவிகிட்ட கொடுக்கலையல்லோ."

மறுநாள் கடைசி வரிசையில் உட்கார்ந்து மனசுக்குள் அம்மனை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். சார் வெறுங்கையோடு எழுந்தார். தன் பேச்சு அம்பலத்தில் இருக்கிறது, கொண்டுபோய்க் கொடுத்தவள் அதோ இருக்கிறாள் என்றுதான் ஆரம்பித்தார். மண்டபமே திரும்பிப் பார்க்க, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். பிறகு பனியையும், ரொட்டி வரிசையையும், தேநீரில் பழப்பாகு போட்டுக் கொடுத்த, தான் அங்கே வாடகைக்கு இருந்த வீட்டுக்காரியையும் சொன்னார். அந்த வீட்டுக்காரியின் நாடு உடைந்த நாளைச் சொல்லும்போது மட்டும் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். நோட்டில் அவளைப் பற்றி எழுதவே இல்லையாம், திரும்பும் வழியில் சொன்னார்.

விஜயதசமி காலையில், சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, சாரே என்னோடு அம்பலத்துக்கு வந்தார். நோட்டை வாங்கியதும், அன்றைக்கு எல்லாரும் முதல் எழுத்து எழுதுவதற்காகப் பரப்பியிருந்த மணலில் முழங்காலைப் பிடித்தபடி குனிந்து ஒரு ருஷ்ய எழுத்தை எழுதினார். நான் தமிழ் அ எழுதினேன். கை நிற்கவில்லை, இருபது வருஷமாக பஸ் போர்டில் பார்த்துப் பார்த்துப் பழகிய மலையாள அகரத்தையும் பக்கத்திலேயே எழுதிவிட்டது. அடுத்து வந்தவர் மூன்றையும் தடவிச் சமப்படுத்திவிட்டு உட்கார்ந்தார்.

விரலில் ஒட்டிய மணலைத் தட்ட மனசு வரவில்லை. அந்தக் கையோடே வீட்டுக்கு வந்து, வரைபடத்தைத் துடைத்தேன்.