சுருதி இறங்கும் சத்தம்

அக்கா புது வேலைக்கு வெளியூர் கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை காலையில். "பேனாவைக் கண்டா மெல்லுவா. கையில குடுத்துடாதே," என்று தங்கையிடம் பஸ் ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனாள். பஸ் மறைந்ததும் அக்காவின் மூன்று வயது மகள் சிட்டு அழுது ஊரைக் கூட்டினாள். சித்திக்காரி பொம்மை காட்டினாள், கரடி மாதிரி நடந்தாள். கடைசியில் பேனாவைக் கொடுத்தாள். அழுகை நின்றது. ஒரு விசும்பல். பிறகு இருமல். பேனாவின் பின்மூடியைக் காணோம்.

சித்தி ஆஸ்பத்திரியில் மயக்க டாக்டருக்கு உதவும் நர்ஸ். உடம்பில் ஆக்ஸிஜன் குறையக் குறைய, ஆபரேஷன் அறைக் கருவியின் சத்தம் சுருதி இறங்கும். அடுத்த அறையில் இருந்தாலும் அதை முதலில் பிடிப்பவள் அவள்தான். அதனால் அங்கே அவள் பெயர் 'காது'. சிட்டுவைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் ஓடினாள்.

"காது, நீ வெளியே இரு," என்றார் ஆபரேஷன் அறை வாசலில் மயக்க டாக்டரம்மா.

"வெளியே நின்னாலும் எனக்குக் கேக்குமே, டாக்டர்."

"சரி, வா. அழுதே, நானே பிடிச்சுத் தள்ளிடுவேன்."

அக்காவுக்குப் போட்ட போன் கிடைக்கவில்லை. சிட்டுவைத் தூங்கவைத்தார்கள். மூடி கிடப்பது மூச்சுக்குழாயில். அதை எடுக்கும் குழலும் அந்த வழியில்தான் போகவேண்டும், மூச்சும் அந்த வழியில்தான். அதுவரை மூக்கில் வைத்த மெல்லிய குழாய் வழியாக ஆக்ஸிஜன் போய்க்கொண்டே இருக்கும். அது நழுவாமல் பார்ப்பது சித்தியின் வேலை. எத்தனையோ பிள்ளைகளுக்குப் பிடித்த கையால் சிட்டுவின் கன்னத்தோடு குழாயை அழுத்திக்கொண்டாள்.

ஆபரேஷன் டாக்டர் குழலை உள்ளே விட்டார். சத்தம் இறங்கியது. இன்னும் இறங்கியது. சித்தி இனி அக்கா முகத்தில் எப்படி விழிப்பாள்?

"வெளியே எடுங்க!" டாக்டரம்மா முகமூடியை வைத்துப் பையை அழுத்தினார். சிட்டுவின் உதடு நீலம் பாரித்திருந்தது. "காது, தாடையைத் தூக்கிப் பிடி."

சத்தம் அடியிலேயே கிடந்தது. பிறகு, மனசே இல்லாததுபோல் ஏறத் தொடங்கியது.

மறுமுறை இடுக்கி மூடியோடு வந்தது.

"எழுத்தாளரா வருவா போல," என்றார் டாக்டரம்மா. சித்தி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மாலையில் எல்லாவற்றையும் அக்காவிடம் சொன்னாள். அக்கா திட்டவில்லை. போனை வைத்துவிட்டாள். மறுநாள் வந்து பிள்ளையைத் தூக்கிப் போனவள், அப்புறம் சித்தியிடம் ஒரு நாள்கூட விட்டதில்லை.

பல வருஷம் கழித்து அக்காவிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. நீச்சல் குளம். வளர்ந்த சிட்டு, "சித்தி, பாருங்க!" என்று தண்ணீருக்குள் முங்கினாள். சித்தியும் மூச்சை அடக்கிக்கொண்டாள். தலை வெளியே வந்த பிறகுதான் விட்டாள். கீழே அக்கா எழுதியிருந்தாள்: "லீவுக்கு இவளை உங்கிட்ட அனுப்பட்டுமா?"

சித்தி எழுந்து, வீட்டிலிருந்த பேனாக்களையெல்லாம் பொறுக்கி அலமாரி உச்சியில் வைத்தாள். அப்புறம்தான் "அனுப்பு" என்று பதில் போட்டாள்.